மனசுக்கு மார்க் போட்டவர்

எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தோசை சாப்பிட்டதில்லை. முதல் தோசை தொண்டைக்குள் இறங்குவதற்கு முன்பே எதிரே உட்கார்ந்திருப்பவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துவிடுவார்.

"ஐசே, பத்துக்கு எத்தனை?" யாரைக் கூப்பிட்டாலும் அவருக்கு 'ஐசே'தான்.

எட்டு என்று சொல்லித் தொலைத்தால் இரண்டாவது தோசைக்குக் கேட்பார். அப்புறம் மூன்றாவதுக்கு. நாலாவது தோசைக்கு ஒருவன் "மூணுதான் அண்ணே, போதும்" என்று கையைக் கழுவ எழுந்தால் அவர் முகத்தில் வரும் ஆனந்தத்தைப் பார்க்க வேண்டும். அவரே நாலு தோசை தின்ற மாதிரி இருக்கும். இத்தனைக்கும் அவர் இரண்டுக்கு மேல் தொடமாட்டார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆறு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு அது. கல்யாணமாகாதவர்களும், ஆகியும் பெண்டாட்டியை ஊரில் விட்டு வந்தவர்களும் சேர்ந்து சமையலுக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு இருப்பதற்கு அப்போது சம்மரி என்று பெயர். ஆறு பேரில் நாலு பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தோசைக்கு மார்க் கேட்கும் இவரும் அவர்களில் ஒருவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். இவரும் நானும் கிள்ளானில் சர்க்காரின் லேபர் ஆபீஸில் வேலை பார்த்தோம். இவர் கிளார்க், நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். தினமும் காலையில் ஒரே ரயிலில் போய் சாயங்காலம் ஒரே ரயிலில் திரும்புவோம். அதனால் அவருடைய தொல்லையில் பெரும் பங்கு எனக்குத்தான் வந்தது.

ஆள் ஒல்லி. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு, கக்கத்தில் குடை. கோட்டுப் பையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம். அதில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. தோசை, காப்பி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், தலைவலி, மேலதிகாரியின் திட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், எல்லாவற்றுக்கும் அவரவர் சொன்ன எண். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து, பெயரைப் பார்த்ததும் எவ்வளவு மகிழ்ச்சி என்று என்னையே கேட்டாலும் கேட்பார்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்றால் ஒரு லேலோங்கில். லேலோங் என்றால் இங்கே ஏலம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் அடித்துக்கொள்ள, இவர் கரையான் ஓரம் தின்ற மூன்று தடிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றும் பொருளாதாரம். மூன்று மாதம் அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

"பொருளாதாரம்னா அரிசி விலை, ரப்பர் விலை. அதுக்கும் தோசைக்கு மார்க் போடறதுக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?" என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன்.

"அரிசிக்கு விலை எங்கையிருந்து வருது?"

"கடைக்காரன் சொல்றான்."

"அவன் ஏன் சொல்லுறான்? நீர் கேக்கிறபடியால். நீர் ஏன் கேக்கிறீர்? ஆசை. ஆசை எங்கை கிடக்கு? மூட்டைக்குள்ளையோ?" என்று என் நெஞ்சில் பென்சிலால் குத்தினார். "இஞ்சை கிடக்கு. அப்ப விலையைத் தேடிப் போனவன் எல்லாம் கடைசியிலை மனசிலை வந்துதான் முட்டிக்கொண்டு நிண்டவன்."

அப்புறம் கிள்ளான் வரும்வரை நிறுத்தவில்லை. மனசைப் பற்றிய சாஸ்திரம் என்று இப்போது காலேஜ்களில் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அது நேற்றுப் பிறந்த குழந்தையாம். அதற்கு முன்பே மனிதனுக்கு எதில் இன்பம், எதில் துன்பம், இரண்டாவது கவளம் முதல் கவளம் அளவுக்கு ஏன் இனிக்கவில்லை என்றெல்லாம் உட்கார்ந்து யோசித்தவர்கள் இந்தப் பொருளாதாரக்காரர்கள்தானாம். ஒரு புத்தகத்தில், காய்ச்சலை அளக்கக் கண்ணாடிக் குழாய் இருப்பதுபோல இன்பத்தை அளக்கவும் ஒரு கருவி வரலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது இவர் கண் பளபளத்தது.

"கருவி வாற வரைக்கும் ஆரும் சும்மா இருக்கேலுமோ? அதுதான் நான் வாயாலை கேக்கிறன்."

மூன்றில் ஒரு புத்தகத்தை மட்டும் அவர் பாதிக்கு மேல் படிக்கவில்லை. என்ன என்று கேட்டேன். பொருளாதாரத்துக்கே தகப்பன் என்று சொல்லப்படுகிறவர், சந்தையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் வேறொன்றைப் பற்றித்தான் எழுதினாராம். பக்கத்து வீட்டுக்காரன் காலில் முள் குத்தினால் நமக்கு ஏன் உடம்பு கூசுகிறது, அவன் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிற குணம் எங்கிருந்து வந்தது என்று. அதுதான் இந்தப் புத்தகம். "அதிலை கணக்கு ஒண்டும் இல்லை. வெறும் கதை" என்று இவர் மூடிவைத்துவிட்டார்.

மார்க் விஷயத்தில் அவரிடம் ஈவு இரக்கம் கிடையாது. எங்கள் சமையல்காரர் நாகப்பட்டினத்துக்காரர், நல்ல மனிதர், சாம்பாரில் மட்டும் அவருக்கு ராசியில்லை. ஒரு தீபாவளிக்கு, "ஐயா, நல்ல நாளும் பொழுதுமா ஒரு அஞ்சாவது போடுங்களேன்" என்று கெஞ்சினார். இவர் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். கண்ணை மூடி யோசித்தார். "நாலரை" என்றார். சமையல்காரர் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தனக்கும் அப்படித்தான். கடைத்தெருவில் பல் பிடுங்கும் சீனர் ஒருவர் இருந்தார். இவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தை. துணைக்கு நான் போனேன். வாயை ஆவென்று திறந்திருக்கும்போதே நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார். குறடு பல்லைப் பிடித்ததும் வலது கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார். அப்புறம் இடது கையில் இரண்டு. பல் வெளியே வந்தபோது ஒன்பது விரல் நின்றது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, ஒன்பதாவது விரலைப் பாதி மடக்கினார். எட்டரை! சீனர் இவருக்கு ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்து எட்டிப் போய் நின்றுகொண்டார்.

சிரிப்பாக இல்லாத சமயமும் உண்டு. எங்களோடு இருந்த ஒருவருக்குத் தாயார் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. கப்பல் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் அவர் போகவில்லை. அறைக்குள்ளேயே கிடந்தார். மூன்றாம் நாள் காலையில் இவர் காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மெதுவாக, "இண்டைக்கு எத்தனை?" என்று கேட்டார். தம்ளர் பறந்து வந்து சுவரில் மோதியது. நாங்கள் எல்லோரும் இவரைத் திட்டித் தீர்த்தோம். மனுஷனா நீ என்றுகூட ஒருவர் கேட்டார். இவர் குனிந்து தரையில் சிந்திய காப்பியைத் துடைத்தார்.

ஆனால் மறுநாள் அந்த மனிதரே வெளியே வந்து, "ஒன்பது" என்று இவரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அதற்கடுத்த நாளும் ஒன்பது. பிறகு எட்டு. ஒரு மாதத்துக்கும் மேலே தினம் காலையில் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு என்று சொன்ன அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஓவென்று அழுதார், அம்மா எனக்குக் குறைந்துகொண்டே போகிறாளே என்று. இவர் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். அன்று இவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வேறு யார் ஒரு மாதம் விடாமல் வந்து கேட்டிருப்பார்கள்?

என் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் எல்லாமே நாலும் ஐந்தும்தான். நெய் ஊற்றிய தோசைக்கு ஐந்து. காய்ச்சலில் பிதற்றிய நாளுக்கு நாலு. "ஐசே, நீர் பிறவியிலேயே ஆசை குறைஞ்ச ஆள். சந்நியாசியாய்ப் போகலாம்" என்பார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டி வைப்பேன்.

உண்மை அதுவல்ல. அந்த வீட்டில் என்னைப் பட்டணத்துப் பையன், தகப்பனார் கோலாலம்பூரில் கடை வைத்திருந்தவர் என்று நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்கும்படி நான்தான் சொல்லிவைத்திருந்தேன். நான் பிறந்தது செமினிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரியார் கை தூக்கிவிட்டதால் நாலு வார்த்தை ஆங்கிலம் கற்றுக்கொண்டு ஆபீஸ் நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் நடுவில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஆபீஸுக்கு அந்தக் காகித வேலை வந்தது. குடும்பத் தலைவன் "போகிறேன்" என்று கைநாட்டு வைத்தால் போதும், பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கப்பல். பெண்டாட்டியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது இவருக்குப் பொறுக்கவில்லை. "ரண்டு மனசு போகுது, ஒரு மனசின்ரை கைநாட்டுத்தான் கிடக்கு" என்றார். ஆபீஸை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் போய்ப் பேசினார். எங்கள் துரை கெட்டவர் இல்லை. கோபப்படமாட்டார், காகிதத்தில் இருப்பதை நம்புவார், அவ்வளவுதான். இவர் பத்து மார்க் யோசனையை விளக்கியதும் துரைக்குப் பிடித்துவிட்டது. காகிதத்தின் ஓரத்தில் இவரே ஒரு கட்டம் போட்டார். பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கிருந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று கேட்க வேண்டும். ஆறும் அதற்கு மேலும் சொன்னால் அந்தக் குடும்பத்தை அடுத்த கப்பலுக்கு ஒத்திவைக்கலாம். அதற்குள் எங்காவது வேலை கிடைத்தாலும் கிடைக்கும்.

அவருக்கு அது எவ்வளவு பெருமை! ஏதோ ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தில் கனவு கண்ட கருவி, கிள்ளானில் ஒரு கிளார்க்கின் பென்சில் முனையில் நடக்கிறது. மூன்று கப்பல் அப்படிப் போயிற்று. சில குடும்பங்கள் ஒத்திவைக்கப்பட்டன. பெரும்பாலும் கிள்ளான் பட்டணத்துக்காரர்கள், ரயில்வேக்காரர்கள். தோட்டத்துப் பெண்கள் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்றுதான் சொன்னார்கள். "தோட்டத்துச் சனத்துக்கு ஊர் ஆசை கூட" என்று இவர் அதற்கொரு காரணமும் கண்டுபிடித்து எழுதிவைத்தார்.

நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

நாலாவது கப்பலுக்கு ஆள் எடுக்கும்போது கேரி தீவுத் தோட்டத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே போனான். இவர் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இஞ்சை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒரே மவ, ஐயா. டெங்கில் பக்கம் தோட்டத்துல கட்டிக் குடுத்திருக்கு. மாசமா இருக்கு. எட்டு."

"நீங்கள் போனால் அவவை ஆர் பாப்பினம்?"

"யாரும் இல்லீங்க. மாமியாரு செத்துப்போச்சு."

"அப்ப விட்டுட்டுப் போறது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்? பத்துக்குச் சொல்லுங்கோ. ஒண்டெண்டால் ஒண்டும் இல்லை. பத்தெண்டால் தாங்கேலாது."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "ரெண்டு போட்டுக்கங்க, ஐயா" என்றாள்.

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "ரண்டோ? யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். "ரெண்டுதாங்க" என்றாள் மறுபடியும். சாம்பாருக்கு அரை மார்க் கூட்டாத மனிதர் அல்லவா? இரண்டு என்று எழுதினார். காகிதம் துரையின் மேஜைக்குப் போய்க் கையெழுத்தாகிவிட்டது. அவர்களைத் துறைமுகத்துக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். நாளை மறுநாள் கப்பல்.

அன்று சாயங்காலம் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வழி நெடுக ரப்பர் மரங்கள் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அண்ணே, அந்தம்மா சொன்னது ரெண்டு இல்லே."

"நீரும் கேட்டனீர்தானே. ரண்டு எண்டுதான் சொன்னவ."

"தோட்டத்துல காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு நிக்கறப்ப, ஒடம்பு சரியில்லேன்னா மருந்து குடுக்கற டிரசர் வந்து கேப்பாரு, எவ்வளவு வலிக்குதுன்னு. ரொம்ப வலிக்குதுன்னு சொன்னா பொய் சொல்றேன்னு பேதி உப்பைக் குடுத்து எல்லார் முன்னாலயும் குடிக்க வைப்பாங்க. அரை நாள் கூலியும் போயிடும். கொஞ்சம் வலிக்குதுங்கன்னு சொன்னாத்தான் நம்புவாங்க. அதனால புள்ளைங்களுக்கு மொதல்லயே சொல்லிக் குடுத்துடுவாங்க. கை ஒடிஞ்சாலும் கொஞ்சந்தாங்கன்னு சொல்லுன்னு. எங்கம்மா பிரசவ வலியில கொஞ்சந்தான் கொஞ்சந்தான்னு சொல்லிக்கிட்டேதான் செத்தாங்க."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். உங்கள் அப்பாவுக்குக் கடை இருந்ததே என்று கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்றும் கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து, என் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனார். நாலு, ஐந்து, நாலு, நாலு, ஐந்து.

"அப்ப உந்த அஞ்செல்லாம்?"

"அது உங்க ஒம்பது, அண்ணே."

"காய்ச்சலுக்கு நாலு?"

"சாகப் போறேன்னு நெனச்சேன்."

"ஏன் ஐசே எனக்குச் சொல்லேல்லை?" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல இருந்தது. "இவ்வளவு காலமும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிட்டனாங்கள்."

வெட்கம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவர் முகம் மாறியது. உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது.

"அப்ப முந்திப் போன மூண்டு கப்பலிலை..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கோலாலம்பூர் வரும்வரை குடையின் பிடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த மூன்று கப்பலுக்கும் நானும் பொறுப்பு.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகாமல் இருவரும் நேரே துறைமுகத்துக் கொட்டகைக்குப் போனோம். அந்தப் பெண் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். இவர் அவள் எதிரே தரையில் குந்திக்கொண்டார். வெள்ளைக் கோட்டோடு. அவள் பதறிப்போனாள்.

"நான் ஒண்டும் எழுத வரேல்லை" என்றார் அவர். "உங்கட மகளைப் பற்றிச் சொல்லுங்கோ."

முதலில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அப்புறம், பிள்ளைக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது என்றாள். அதிலிருந்து ஆரம்பித்தது. மரத்தடியில் சேலை ஏணையில் தூங்கப் போட்டுவிட்டுப் பால் வெட்டப் போனது, ஒரு கன்னத்தில் பூரான் கடித்த தழும்பு, கல்யாணத்துக்கு வாங்கிய பச்சைச் சேலை, இப்போது கால் வீங்கியிருக்கிறது என்று யாரோ சொல்லியனுப்பியது. ஒரு மணி நேரம் பேசினாள். பேசும்போது ஒருமுறைகூடக் கஷ்டம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. இவர் பென்சிலைத் தொடவில்லை. புருஷனிடம் கேட்டதற்கு, "அவ இருக்கலாம்னா இருக்கறேங்க. என்னைய யாரு கேட்டா, கைநாட்டு வையின்னாங்க வச்சேன்" என்றான்.

இருவரையும் கூட்டிக்கொண்டு துரையிடம் போனோம். நான் தவறாக எழுதிவிட்டேன், திருத்த வேண்டும் என்றார் இவர். துரை காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"இரண்டு என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. நீ தவறு செய்கிறவன் இல்லையே" என்றார் ஆங்கிலத்தில். "சரி. அவளே என் முன்னால் சொல்லட்டும். மகளை விட்டுப் போவது எவ்வளவு கஷ்டம் என்று கேள்."

நான் அவளிடம் கேட்டேன். "பயப்படாமச் சொல்லும்மா" என்றும் சேர்த்துக்கொண்டேன். எப்படியாவது வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டுமே என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் துரையின் மேஜையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் கஷ்டந்தானுங்க, தொரை."

என் அம்மா நினைவு வந்தது. மொழிபெயர்ப்பாளன் ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதற்குத்தான் சம்பளம். நான் துரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "தாங்க முடியாத கஷ்டம் என்று சொல்கிறாள், சார்."

துரைக்கு உத்தியோகப் பரீட்சை எழுதிய அளவுக்குத் தமிழ் தெரியும். புருவத்தைத் தூக்கினார். என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார். ஆபீஸில் அரை மார்க் விட்டுக்கொடுக்காத ஆள் யார் என்று துரைக்கும் தெரியும்.

"இவன் சொன்னது சரியா?"

இவர் அந்தப் பெண்ணை ஒரு முறை பார்த்தார்.

"சொல்லுக்குச் சொல் இல்லை, சார். ஆனால் சரி."

"அப்படியானால் உன் இரண்டு?"

"அவள் சரியாகத்தான் சொன்னாள். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன்."

துரை பேனாவை மேஜையில் வைத்தார். "அப்படியானால் இதற்கு முன்னால் நீ எழுதிக்கொடுத்த எண்களை நான் எப்படி நம்புவது?"

"நம்பக் கூடாது, சார்" என்றார் இவர்.

துரை மறுபடியும் பேனாவை எடுத்தார். பிறகு காகிதத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, மகள் பிரசவம் முடியும்வரை குடும்பம் இருக்கலாம் என்று எழுதி, பிழை தன்னுடையது என்று இவரைக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். அது இவருடைய சர்வீஸ் புத்தகத்தில் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டம் போட்ட காகிதங்களை இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். இவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நின்றாள். "ஐயா, கப்பலுக்கு எப்பங்க போவணும்?" என்று கேட்டாள்.

"கப்பலுக்குப் போகவேண்டாம். மகளிட்டைப் போங்கோ" என்றார் இவர்.

அவள் புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டியதும் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கிள்ளான் கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அடக்கவே இல்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் புருஷன் "சும்மா இரு புள்ள, ஆபீசு இது" என்று அவள் தோளைத் தொட்டான்.

"அழட்டும்" என்றார் இவர். குடையைச் சுவரில் சாத்திவிட்டு அவள் பக்கத்தில், அதே படியில், உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோளும் குலுங்கியது. எந்தக் கப்பலில் போன எந்தப் பெண்ணின் முகம் அவருக்கு முன்னால் வந்ததோ எனக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டுக் கிளார்க் ஒருவர் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அப்போது சாப்பாட்டுக்குப் போகத் துரை வெளியே வந்தார். துரை வந்தால் ஆபீஸே எழுந்து நிற்கும். வாசலில் பியூன் விறைத்து நின்றான். புருஷன்காரன் கை கட்டி ஒதுங்கினான். நானும் நேராக நின்றேன். அவள்கூட அழுதபடியே எழப் பார்த்தாள். இவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். துரை இறங்குவதற்குப் படியில் வழியில்லை. இவர் அவரை நிமிர்ந்து பார்த்தார், எழுந்திருக்கவில்லை.